புல்லில்லாத புல்தரை ஹாக்கி

கோவில்பட்டிப் பக்கத்தில் அறுபது வயது தாண்டிய யாரிடமாவது ஹாக்கி பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம், "இப்ப ஆடுறதெல்லாம் ஹாக்கியா? அந்தக் காலத்துல பாக்கணுமே!" என்று ஆரம்பித்தால், டீ ஆறிப்போகும் வரை நிறுத்தமாட்டார்கள். எங்கள் கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும். விளையாட்டுக்காரர்களுக்கோ அது 'ஹாக்கிப்பட்டி'. கிரிக்கெட் மட்டையைத் தொடுவதற்கு முன்னாலேயே ஹாக்கி மட்டையைத் தொட்ட பிள்ளைகள் உள்ள ஊர் அது.

நான் இந்தப் பக்கத்துக்காரன் அல்ல. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே எங்களுக்குத் தெரிந்தது கால்பந்து. அரசு வேலை கிடைத்து எழுபதுகளில் இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்த பிறகுதான் ஹாக்கி எனக்கு அறிமுகம். வெளியிலிருந்து வந்தவன் என்பதாலோ என்னவோ, இந்தப் பழைய ரசிகர்களின் ஏக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது.

அந்த ஏக்கத்துக்கு ஒரு தேதி உண்டு. 15 மார்ச் 1975. கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே பாகிஸ்தான். டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரு கூட்டம். இந்தி வர்ணனையில் பாதிக்கு மேல் யாருக்கும் புரியாது. பெயரும், குரல் ஏறி இறங்குவதும் போதும். சுர்ஜித் சிங் ஒரு கோல், தியான்சந்தின் மகன் அசோக் குமார் ஒரு கோல், 2-1 என்று ஜெயித்தோம். அந்த அணியில் நம் தமிழ்நாட்டு பிலிப்ஸ் இருந்தார் என்பதில் இங்கே ஒரு தனிப் பெருமை. இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஆண்டே கனடாவில் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். அங்கே முதல்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆட வைத்தார்கள். உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த நாம் ஏழாவது இடம். 1928 முதல் 1972 வரை ஒரு ஒலிம்பிக்கில்கூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத நாடு, வெறுங்கையோடு வந்தது. நம்மூர்ப் பெரியவர்களின் கணக்கில் ஹாக்கி செத்தது அன்றைக்குத்தான். "புல்லை எடுத்தான், நம்ம சோலியை முடிச்சிட்டான்" என்பார்கள்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். பிரெஞ்சு மொழியில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் 'ஓக்கே சுர் கஸோன்'. கஸோன் என்றால் புல்தரை. பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியிலிருந்து பிரித்துக்காட்ட வைத்த பெயர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கொலோம்ப் மைதானத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்று நாம் வெண்கலம் வாங்கினோமே, அங்கேயும் இதே பெயர்தான். தரையிலோ மருந்துக்குக்கூட ஒரு புல் இல்லை. புல் போய் ஏறக்குறைய ஐம்பது வருஷம், பெயர் மட்டும் போகவில்லை.

பிரெஞ்சு பேசும் மான்ட்ரியல்காரர்களிடம் வெறுமனே 'ஹாக்கி' என்றால் பனி ஹாக்கி மட்டும்தான். அங்கேயும் நம்மைப் போலவே ஏங்கும் பெரியவர்கள் உண்டு. 1967 வரை மொத்த லீக்கிலும் ஆறே அணிகள். தலைக்கவசம் இல்லாமல் முகம் தெரிய ஆடிய வீரர்கள். 1996-இல் மான்ட்ரியலின் பழைய அரங்கத்தை மூடிய இரவில், மோரிஸ் ரிஷார் என்ற பழைய நட்சத்திரத்துக்கு மக்கள் எழுந்து நின்று பல நிமிடம் விடாமல் கை தட்டினார்கள். அவர் ஆட்டத்தை விட்டு அப்போது முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆக, இது ஏதோ கோவில்பட்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. நம் புல்லைப் பறித்த ஊருக்கும் அதே வியாதிதான்.

சரி, நம் பெரியவர்கள் சொல்வது முழு உண்மையா? கணக்கு எழுதியே காலம் தள்ளியவன், பேரேட்டைப் புரட்டாமல் ஒப்புக்கொள்ள மனம் வராது. 1960-இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தங்கத்தை விட்டது புல்லில்தான். 1968, 1972 இரண்டிலும் வெண்கலத்தோடு நின்றதும் புல்லில்தான். இன்னொரு பக்கம், 1980-இல் மாஸ்கோவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது செயற்கைத் தரையில். அதிலும் ஒரு அடிக்குறிப்பு உண்டு: புறக்கணிப்பு காரணமாகப் பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, ஹாலந்து, மேற்கு ஜெர்மனி யாரும் வரவில்லை; மொத்தம் ஆறே அணிகள். இரண்டே வருஷத்தில், 1982 டெல்லி ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், நம் மக்கள் முன்னாலேயே பாகிஸ்தான் 7-1 என்று அடித்தது. அவர்களும் நம்மைப் போலப் புல்லில் வளர்ந்தவர்கள்தானே? எல்லாப் பழியையும் தரைமேல் போட்டால் மனசுக்கு ஆறுதல். வரவு செலவு மட்டும் நேராகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் புல் எங்கே இருந்தது? சரளும் புழுதியும்தான். மழை பெய்தால் கரிசல் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், ஆட்டம் கிடையாது. வெயிலில் தரை வெடித்துக் கிடக்கும். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோணல் பந்தை அடக்கப் பழகிப் பழகித்தான் மணிக்கட்டில் அந்த வித்தை வந்தது.

நம்மிடமிருந்து போனது புல் அல்ல என்று எனக்குப் படுகிறது. செலவில்லாமல் ஆடலாம் என்ற நிலைமைதான் போயிற்று. வளைந்த கருவேலங்கிளையை வெட்டிச் சீவி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிய பையன்களை நானே பார்த்திருக்கிறேன். மில் தொழிலாளி பிள்ளையும், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிற வீட்டுப் பிள்ளையும் அதே மைதானத்தில் ஆடினார்கள். ரயில்வே, வங்கி, போலீஸ் என்று மட்டையைக் காட்டி வேலைக்குப் போனவர்கள் உண்டு. செயற்கைத் தரை வந்ததும், சர்வதேச ஆட்டத்துக்குத் தயாராக வேண்டுமானால் கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட தரை வேண்டும், அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஆனது. குடிக்கவே தண்ணீருக்குக் குடம் தூக்கும் ஊரில் இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். மரமட்டை போய் கார்பன் இழை மட்டை வந்தது. ஆஃப்சைடு விதி போனது. இரண்டு பாதியாக இருந்த ஆட்டம், 2014-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் பதினைந்து நிமிடமாக நான்கு துண்டானது. லெஃப்ட் அவுட், ரைட் இன் என்ற பெயர்களே இப்போதைய பையன்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு நண்பர், அந்தக் காலத்து சென்டர் ஹாஃப். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் பேரன் இப்போது கோவில்பட்டி செயற்கைத் தரையில் பயிற்சி எடுக்கிறான். தாத்தா ஒரு நாள்கூட ஆட்டம் பார்க்கப் போனதில்லை. "அண்ணாச்சி, மண்ணுல பந்து நம்ம சொன்னதைக் கேக்கும். இந்தக் கம்பளத்துல சும்மா ஓட்டப்பந்தயம்லா நடக்கு" என்பார். பேரன் மட்டையோடு வீட்டுக்குள் நுழையும்போதும் இதே பேச்சுதான். பையன் ஒன்றும் சொல்லமாட்டான். மட்டையை மூலையில் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவான். ஒரு நாள் வாசலில் என்னிடம் கேட்டான்: "தாத்தா, அவங்க ஆடுனது மட்டுந்தான் ஆட்டம்னா, நான் தினமும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எதுக்குப் போறேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனைவிடப் பத்து வயது மூத்த ஒரு கோவில்பட்டிப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். மாரீஸ்வரன் சக்திவேல். அவரும் இதே ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு ஆடினார். அணி வெண்கலத்தோடு திரும்பியது. நாம் திட்டும் இந்தக் கம்பளத்தில் ஓடப் பழகாமல் அந்தச் சட்டை கிடைத்திருக்காது.

ஏக்கம் தப்பில்லை. 1975-ஐ நினைத்தால் எனக்கும் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அந்த நினைப்பைப் பையன்கள் தலையில் பாரமாக ஏற்றுவதுதான் சரியில்லை. கோலாலம்பூரைச் சொல்லுங்கள், கூடவே டெல்லியில் வாங்கிய ஏழு கோலையும் சொல்லுங்கள். கருவேல மட்டையைச் சொல்லுங்கள். அந்த மட்டையோடு நின்றுபோன எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களையும் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் இன்னும் நாலு தரை போடச் சொல்லி மனு எழுதவேண்டுமானால், எழுதித் தர நான் இருக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் இல்லை. கோடையில் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் எல்லாம் வரும். இந்த வருஷம் சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் போவதாகப் பேசியிருக்கிறோம். வெயில் தாழ்ந்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.