இன்ஜினுக்கு ஒரு படிக்கம்

எங்க தாத்தா வெற்றிலை போடுவார். திண்ணையில் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பித்தளைப் படிக்கம் ஒன்று எப்போதும் இருக்கும். அதைத் தினமும் கழுவி வைப்பது ஆச்சியின் வேலை. ஒரு நாள் கழுவாவிட்டால் வீடே நாறும். டர்போ காரில் மாட்டுகிற ஆயில் கேட்ச் கேனும் அப்படி ஒரு படிக்கம்தான். அதை வாங்கி, தப்பாக மாட்டி, சரியாகக் கழுவாமல் விட்டு, மாமியார் உட்பட மொத்தக் குடும்பத்தையும் யமுனா எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில் இறக்கி நிறுத்திய கதை இது. நடுவில் கொஞ்சம் மெக்கானிக் பாஷை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். பிழைப்பு குர்காவ்னில், பதினாறு வருஷமாக. (2016ல் ஊர்ப் பெயரை குருகிராம் என்று மாற்றிவிட்டார்கள். வாயில் வருவது இன்னமும் குர்காவ்ன்தான்.) 2020 கடைசியில் ஒரு சின்ன கார் வாங்கினேன். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். தப்பு அவர்கள் மேல் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனைச் சுற்றி ரிங் இருக்கிறதல்லவா, அது எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், மேலே எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் கசியத்தான் செய்யும். புளோ-பை என்பார்கள். புது இன்ஜினிலும் உண்டு. டர்போ இன்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், அதனால் கசிவும் கூடுதல். அந்த வாயுவில் எரியாத பெட்ரோல், நீராவி, சாரல் மாதிரி ஆயில் எல்லாம் கலந்திருக்கும். இதை வெளியே விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும்.

அந்தக் காலத்தில் ஒரு குழாயை வைத்து ரோட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். காற்று கெடுகிறது என்று தெரிந்தபிறகு, 1961ல் கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் அந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்கே உறிஞ்சக் கொடுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. பி.சி.வி. என்று பெயர். இன்றைக்கு எல்லா காரிலும் இதுதான்.

டர்போவில் இதற்கு இரண்டு வழி வேண்டும். மெதுவாகப் போகும்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், அதுவே வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்து டர்போ ஊத ஆரம்பித்தால் அங்கே வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். அப்போது ஒரு செக் வால்வு அந்த வழியை மூட, வாயு டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்குப் போகும். எப்படிப் போனாலும் கூடவே ஆயிலும் போகிறது. இன்டர்கூலருக்குள் படிகிறது, இன்டேக் வால்வின் முதுகில் கரியாக அப்புகிறது. பழைய இன்ஜின்களில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, வால்வைக் கழுவ ஆளில்லை. கரி ரொம்ப அப்பிவிட்டால் மேனிஃபோல்டைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அடித்துச் சுரண்ட வேண்டும்.

இந்தக் கரிப் படத்தை எல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் தூக்கம் வருமா? அதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுதான் கேட்ச் கேன். அந்தக் குழாயை நடுவில் வெட்டி ஒரு டப்பாவை வைத்தால், உள்ளே இருக்கும் தடுப்பிலும் கம்பி வலையிலும் மோதி ஆயில் கீழே தங்கிவிடும், வாயு மட்டும் மேலே போகும். படிக்கம்!

2023 அக்டோபரில் காஷ்மீரி கேட் போய் ஒன்று வாங்கி வந்தேன். நீலக் கலர் அலுமினியம், பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் மூக்கு 10 மில்லிமீட்டர். என் காரின் குழாய் 19 மில்லிமீட்டர். கடைக்காரர், "கோயி பாத் நஹி சார்ஜி, அடாப்டர் லகா தோ" என்றார். லகா தியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க பார்க்கிங்கில் குனிந்து நின்று மாட்டி முடித்தபோது, ஐ.டி.யில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் வராத திருப்தி வந்தது. தங்கமணி மட்டும், "கம்பெனிக்காரன் குடுக்காதத நீங்க எதுக்கு மாட்டுறீங்க?" என்று கேட்டாள். பெண்களுக்கு இன்ஜினியரிங் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். (இப்போது வாபஸ்.)

ஜனவரியில் கேனைத் திறந்தால் உள்ளே பால் காபி மாதிரி ஒரு வஸ்து. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, தண்ணி ஆயிலோடு கலந்துவிட்டது என்று வயிற்றைக் கலக்கியது. கூலன்ட் அளவு குறையவில்லை, அதில் ஆயில் மிதக்கவும் இல்லை. விஷயம் வேறு. என் ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். டில்லிக் குளிரில் அந்தத் தூரத்துக்குள் இன்ஜின் ஆயில் முழுசாகச் சூடாவதே இல்லை. நீராவி போய்க் குளிர்ந்த டப்பாவில் தண்ணீராகி, ஆயிலோடு சேர்ந்து கூழாகிவிடுகிறது. அப்பாடா என்று கொட்டிவிட்டு மூடினேன். உள்ளே இருந்த கம்பி வலையைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதன்பிறகு கேன் பக்கமே போகவும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தார்கள். மாமியாருக்குத் தாஜ்மஹால் பார்க்க வேண்டும் என்று கல்யாணம் ஆனதிலிருந்து ஆசையாம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். இட்லிப் பொடி தடவிக் கட்டிக்கொண்டு, ஐந்து பேர். ஜேவர் டோல் தாண்டி, நூறில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு தீய்ந்த வாசனை. முன்னால் போன லாரி என்று நினைத்தேன். லாரியைத் தாண்டியும் வாசனை போகவில்லை. பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாக நீலப் புகை.

ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். "எல்லாரும் எறங்குங்க, அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போங்க" என்று கத்தினேன். மாமியாருக்கு மூட்டுவலி, பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. மகளுக்கு ஏழு வயசு, அவள் அழுதுகொண்டே ஆச்சியின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதை என்னால் இன்றைக்கும் நிதானமாக நினைக்க முடியவில்லை.

தீப்பிடிக்கவில்லை. புகை அடங்கக் காத்திருந்து, பானெட்டைத் திறந்து பார்த்தேன். டிப்ஸ்டிக் தானாக ஒரு அங்குலம் மேலே கிளம்பி நின்றது. அதன் வழியாகப் பீய்ச்சிய ஆயில், டர்போவின் மேல் மூடியிருக்கும் தகட்டில் வழிந்து பொரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் இன்ஜினில் நன்றாக மிதித்தால் டர்போவுக்குள் போகும் புகையின் சூடு 900 டிகிரி வரை வரும். தகடு இல்லாமல் நேராக அதன் மேல் சொட்டியிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வண்டி லாரியின் முதுகில் வீடு வந்தது. தாஜ்மஹால் இல்லை. இட்லியை ரோட்டோரத்திலேயே சாப்பிட்டோம். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "ஏல, அந்த டப்பா மூக்கு எத்தன எம்.எம்.?"

"பத்துப்பா."

"கம்பெனி ஹோஸு?"

"பத்தொம்பது."

"குறுக்களவு பாதின்னா, ஓட்டை பாதி இல்லல. மூணர மடங்கு கொறஞ்சு போச்சு. போதாததுக்கு அந்தக் கூழு வேற வலையில அடச்சிருக்கும். பஸ்ஸுல பிரீத்தர் அடச்சாலே டிப்ஸ்டிக் துப்பும்னு எங்க டெப்போவில சின்னப் பையனுக்கும் தெரியும். இன்ஜினுக்கு மூச்சு விட வழி விடணும்ல."

பிளஸ் டூவில் கணக்கில் 196 வாங்கியவன் நான். 19ஐயும் 19ஐயும் பெருக்கி நூறால் வகுக்கத் தோன்றவில்லை. எட்டாவது படித்த அப்பா போனிலேயே போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை வந்த மிஸ்திரி இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாய் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். சரியாக இருந்தால் காகிதத்தை லேசாக உள்ளே இழுக்க வேண்டும். என் இன்ஜின் அதை ஊதித் தள்ளியது. கேனைக் கழற்றிவிட்டுப் பழைய ஹோஸை மாட்டினார். காகிதம் ஒட்டிக்கொண்டது. "சாப், இஸ்கோ சான்ஸ் தோ லேனே தோ" என்றார். மூச்சு விட விடுங்கள் என்று அர்த்தம். அப்பா சொன்னதை இரண்டு நாளில் இரண்டாவது பாஷையில் கேட்டேன். ஆனால் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஏற்கெனவே பிதுங்கியிருந்தது. சீல் சின்னதுதான், அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். 28 ஆயிரம் சொச்சம். வாரண்டி கேட்க எனக்கு வாயில்லை, குழாயை வெட்டியவன் நான்.

மறுபடி மாட்டினேனா? மாட்டினேன். அந்த அக்டோபரில் அப்பா இங்கே வந்திருந்தபோது, அவரும் நானுமாக. 76 வயசில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட நிபந்தனைகளை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். மூக்கும் அடாப்டரும் உட்பட எங்கேயும் கம்பெனி ஹோஸைவிட உள்ளளவு குறையக்கூடாது. ஹோஸ் ஆயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும், ரேடியேட்டர் ஹோஸ் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். எங்கேயும் மடிந்து நிற்கக்கூடாது. டர்போ பக்கம், மேனிஃபோல்டு பக்கம் இரண்டுக்கும் செக் வால்வு சரியான திசையில் இருக்க வேண்டும். கேனை எக்ஸாஸ்ட்டுக்கு எட்டத் தள்ளி, இரும்பு பிராக்கெட்டில் இறுக்க வேண்டும். காற்றை வெளியே திறந்துவிடும் ரகம் கூடவே கூடாது, அது ஊர்க்காற்றைக் கெடுக்கும். டில்லிக் காற்றுக்கு அது ஒன்றுதான் பாக்கி :-) மாட்டி முடித்ததும் காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், வெயில் காலத்தில் மாதம் ஒரு தரம் கேனைக் கொட்டி, வலையைக் கழுவ வேண்டும். கொட்டியதைச் சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

முதல் தடவை கொட்டியதை அப்பா ஒரு சொட்டு எடுத்து செய்தித்தாளில் விட்டார். நடுவில் கருப்பு, சுற்றிலும் ஈர வளையம். "பாதிக்கு மேல தண்ணிதாம்ல" என்றார். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் இருக்கிறதா என்று படபடக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடலாமாம். தோசைக்கல்லைக் கேட்டார். தங்கமணி கொடுக்கவில்லை.

இது எல்லாருக்கும் தேவையா என்றால், தேவையில்லை என்பதுதான் என் கட்சி. இந்தக் கால இன்ஜின்களில் வால்வு கவருக்குள்ளேயே ஆயில் பிரிக்கும் அறை ஒன்று உண்டு. தினமும் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு அதுவே போதும். வாரண்டி இருக்கும் வண்டியில் கை வைக்கவே வேண்டாம். மாட்டித்தான் தீருவேன் என்றால், படிக்கத்தைக் கழுவ ஆச்சி வரமாட்டாள், நாம்தான் கழுவ வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏன் திரும்ப மாட்டினேன் என்று கேட்டால், வால்வில் கரி சேரும் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அப்பாவோடு ஒரு நாள் முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

2025 மார்ச்சில் மாமியார் மறுபடி வந்தார். வண்டியைக் காட்டி, இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, காகிதம் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நல்லது மாப்ள. ரயில்லயே போயிருவோம்."

நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனோம். தாஜ்மஹால் நன்றாக இருந்ததாம்.