கார் கொட்டகையில் ஒரு ஈயப் பட்டறை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லிட்ச்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது மகன் வீடு. அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். துப்பாக்கிக் குண்டு வார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "வந்து பாருங்க, ஆனா செருப்போட வராதீங்க" என்றார். ஷூ, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மேலும் கீழும் பார்த்த பிறகுதான் கொட்டகைக்குள் விட்டார்.

அவர் செய்வது முழுத் தோட்டா அல்ல. அதன் முனையில் செருகும் ஈயக் குண்டு மட்டும். சொந்த உபயோகத்துக்குச் செய்தால் அமெரிக்க மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரித்தால் ஜெயில்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம்.

மூலப்பொருள் டயர் கடையிலிருந்து வருகிறது. சக்கரம் ஆடாமல் ஓட, விளிம்பில் மாட்டுவார்களே சின்ன எடைக்கட்டிகள், அவைதான். காரீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் துளி வெள்ளீயமும் கலந்திருப்பதால் குண்டுக்குத் தோதான கடினம். இப்போது துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. பெரியவர் ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்த்தார். பல் பதிந்தால் ஈயம், பதியாவிட்டால் தனி வாளி. தப்பி ஒன்று உள்ளே போனாலும் சூட்டை அடக்கி வைத்தால் பிழைத்தோம்: சுத்த ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். உருகாமல் மேலே மிதப்பதைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

கதவை முழுக்கத் திறந்து, முதுகுப் பக்கம் மின்விசிறி வைத்து, மின் உலையை 370 டிகிரியில் நிறுத்தினார். ஒரு துண்டு தேன்மெழுகைப் போட்டதும் புகை எழும்பியது. கிளறக் கிளறச் சாம்பல் நிறக் கசடு மேலே வந்து ஒதுங்க, அடியில் ஈயம் முகம் பார்க்கும் அளவுக்குத் தெளிந்தது.

அலுமினிய அச்சில் இரண்டு குழி. உலையின் அடிக்குழாயைத் திறந்து, குழிகள் நிரம்பி மேல்தகட்டில் சின்னக் குட்டையாகத் தேங்கும்வரை ஊற்றுகிறார். சில நொடிகளில் அதன் பளபளப்பு மங்குகிறது. உடனே மரக்கட்டையால் தகட்டின் காதில் ஒரு தட்டு. உபரி ஈயம் வெட்டுப்பட்டு விழுகிறது. பிடியைப் பிரித்தால் மடித்துப் போட்ட பழைய துண்டின்மேல் இரண்டு குண்டுகள். முதல் ஈடு முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. முதல் தோசை கல்லில் ஒட்டுவதுபோலத்தான், அச்சு சூடேறவில்லை. எல்லாம் திரும்ப உலைக்கே போயின. போகப் போக விளிம்பு கூர்மையாக, வழவழப்பாக வந்தன. ஒவ்வொன்றும் சுமார் பத்து கிராம்.

நெற்றி வியர்வையைத் துடைக்கக் குனிந்தேன். "தள்ளிப் போங்க!" என்று அதட்டினார். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டால் அக்கணமே ஆவியாகி உலையில் இருப்பதை நாலாபக்கமும் வாரி இறைத்துவிடும். இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அதற்கு 'ஜிகினா தேவதை வந்துட்டுப் போனா' என்ற பொருளில் ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு இந்த வேலை பழசு. அமெரிக்க சுதந்திரப் போரின்போது, 1776 ஜூலை 9 அன்று, நியூயார்க்கில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளியது. தங்க முலாம் பூசிய ஈயச் சிலை. துண்டுகள் லிட்ச்ஃபீல்டில் ஆலிவர் வோல்காட் என்பவரின் வீட்டுக்கு வந்தன. வீட்டுப் பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து அவற்றை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தார்கள். யார் எத்தனை என்று வோல்காட் எழுதிய கணக்கில் மகன் ஃபிரெடரிக்கின் பெயரிலும் 936 இருக்கிறது. பையனுக்கு அப்போது எட்டு வயது.

பெரியவரின் பேரப்பிள்ளைகளுக்கோ கொட்டகை வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. இந்தச் சூட்டில் ஈய ஆவி பெரிதாக எழும்பாது. ஆபத்து கசடுத் தூசியில், விரலில், சட்டையில். கரண்டி, தட்டு எதுவும் மறுபடி சமையலறைக்குள் போவதில்லை. முடிந்ததும் கை, முகம் கழுவி, சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றினார். அதைத் தனியாகத்தான் துவைப்பாராம். ஆண்டுதோறும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறார். குண்டு வார்த்ததைவிட இந்தக் கட்டுப்பாடுதான் எனக்குப் பெரிய வித்தையாகப் பட்டது.

கார் பேட்டரி ஈயத்தை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டாராம். அமிலம் ஒருபுறம், அதன் கசடு ஈரம்பட்டால் நச்சு வாயு கிளம்பும் என்பது இன்னொருபுறம். நம் ஊரில் பழைய பேட்டரியை உடைத்துக் கொல்லையில் வைத்தே உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது. அப்படி உருக்கும் இடம் உங்கள் தெருவில் இருந்தால், பிள்ளைகளை ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.