ஊட்டியில் இரண்டு குரங்குக் குல்லாக்கள்

மார்கழி மாதம் காலை ஆறு மணிக்குச் சென்னையில் பால் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தலையில் மப்ளர், காதில் பஞ்சு, முகத்தில் ஏதோ எவரெஸ்ட் ஏறிவிட்டுத் திரும்பிய களை. தெர்மாமீட்டரைப் பார்த்தால் 21 டிகிரி! இதே 21 டிகிரிக்கு லண்டன்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்க்கில் மல்லாந்து படுத்துக்கொள்வான்.

நமக்குக் குளிர் பழக்கமில்லை. ஆனால் குளிருக்கு வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். சந்தேகமிருந்தால், பொங்கல் லீவில் குழந்தைகளோடு ஊட்டிக்குப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன்.

"ஜனவரியில ஊட்டியா? அங்க புல்லே உறைஞ்சு போகுமாம்டா! பச்சக் குழந்தைங்களக் கூட்டிட்டுப் போறேங்கறியே!" என்றாள் அம்மா. பச்சைக் குழந்தைகள் என்பது ஐந்து வயதுப் பையனும் மூன்று வயதுப் பெண்ணும். அந்த நிமிஷத்தில் இரண்டும் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ் கட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு மாமி ஒரு பாட்டிலோடு வந்தார். "தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சினது. நெஞ்சுல பரபரன்னு தேய்ச்சு விடுங்கோ. ஊட்டியில நீலகிரித் தைலமும் கிடைக்கும். ரெண்டு சொட்டு மூக்குல காட்டினா சளி ஓடியே போயிடும்."

பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பர் வேறு ரகம். என்னைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சார், ஒரு ஸ்பூன் பிராந்தி. வெந்நீர்ல கலந்து குழந்தைங்களுக்குக் குடுத்துடுங்க. குளிரே தெரியாது. மிச்சம் இருக்கிறதை நீங்க பார்த்துக்குங்க." கடைசி வாக்கியத்தில்தான் அவருடைய முழு அக்கறையும் இருந்தது.

இவ்வளவு வைத்தியத்தையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு என் மனைவி குழந்தைகள் டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல வரிசையாக அடித்தார்.

பிராந்தி குடித்தால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும். அதனால் சூடாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் உடம்புக்குள் இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குழந்தைக்குக் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை வேறு இறங்கிவிடும். கற்பூரமும் நீலகிரித் தைலமும் தப்பித் தவறி வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்குள் என்றால் கற்பூரத் தைலத்தைத் தடவவே கூடாது. சளிக்குக் காரணம் வைரஸ். மலைக் காற்றைவிட, ஜன்னலை மூடிக்கொண்டு ஆறு பேர் ஒரே காற்றை மூச்சு விடும் அறையில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

"அப்ப குளிருக்கு என்னதான் டாக்டர் பண்றது?"

"துணி போடுங்க."

இவ்வளவுதான்! ஆனால் அதிலும் விஷயம் இருக்கிறது. தடியான ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிசாக மூன்று சட்டைகள் மேல். துணிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்றுதான் சூட்டைக் காப்பாற்றுகிறது. குழந்தை ஓடி வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். ஈரச் சட்டையை உடனே மாற்ற வேண்டும். உடம்பின் எடையோடு பார்த்தால் குழந்தைகளுக்குத் தோல் பரப்பு நம்மைவிட அதிகம். அதனால் சீக்கிரம் சூட்டை இழப்பார்கள். தலையும் உடம்புக்குப் பெரிசு. ஆக, குரங்குக் குல்லா மட்டும் பாஸ்! பாட்டிகளின் சட்டத்தில் டாக்டர் டிக் அடித்த ஒரே ஷரத்து அதுதான்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். சொந்த வண்டியில் போவதானால், 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலில் அந்தக் கவலை இல்லை. வெறும் 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்லுப் பல்லாக ஒரு பாதை வருகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் ஊட்டி வரையிலும் வந்த ரயில். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதையெல்லாம் பையனிடம் விளக்கினேன். அவன், "ஓட்டற மாமா பின்னாடி இருந்தா முன்னாடி யாருப்பா பார்ப்பாங்க?" என்று கேட்டான். முன்னால் ஒருவர் கொடியோடு நிற்கிறார் என்று காட்டிய பிறகுதான் பிரயாணத்தைத் தொடர அனுமதித்தான்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு மலை ஏற இந்த வேகம் ரொம்ப சௌகரியம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் பருத்திச் சட்டை, குன்னூரில் அதற்கு மேல் ஒன்று, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊட்டியில் ஸ்வெட்டர், குல்லா. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு தோல் கூடிய வெங்காயம் மாதிரி இறங்கினார்கள்.

பகலில் நல்ல வெயில். தாவரவியல் பூங்காப் புல்வெளியில் உருண்டதில் இரண்டு தோல் கழன்றது. ஆறேகால் மணிக்கு மேல்தான் ஊட்டி தன் சுயரூபத்தைக் காட்டியது. மூக்கு நுனியைக் காணோம். பல் தானாகத் தந்தி அடித்தது.

லாட்ஜில் எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ரூம் பாய். கையில் இரும்புச் சட்டி, அதில் கனகனவென்று தணல். "குழந்தைங்க இருக்காங்களே சார்... கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுட்டு, ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துக்குங்க. நூத்தம்பது ரூபாதான்."

சிவந்த தணலைப் பார்த்ததும் பெண் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். நான் பர்ஸைத் தொடுவதற்கு முன்னால் என் மனைவி கதவுக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டாள். "இது உள்ள வராது தம்பி. நூத்தம்பது ரூபாய நீ வேணும்னா வாங்கிக்க. சட்டிய எடுத்துட்டுப் போயிடு."

டாக்டரின் சிவப்புப் பேனா கடைசியாக எழுதிக் கொடுத்த வரி அது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம். மலை ஏறி வந்த களைப்பு என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வோம். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். அதனால் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரி அடுப்பு எரிந்த விடுதி அறையில் தூங்கிய இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. அவர்களுக்கும் குளிரால் ஒன்றும் ஆகவில்லை, சார். காற்றுப் போக வழியில்லாத பாத்ரூமில் கேஸ் கீஸர் ஓடினாலும் இதே கதைதான்.

ரூம் பாய் திகைத்துப் போய் நின்றான். பாவம், பதினெட்டு வயதிருக்கும். "நாங்களும் இப்படித்தான்க்கா படுக்கிறோம்" என்றான். என் மனைவி அவனை நிற்க வைத்து ஐந்து நிமிஷம் பாடம் எடுத்தாள். மேலே ஒரு ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்தே வைக்கச் சொன்னதோடு நிறுத்தாமல், "சட்டிய வாசல்ல வெச்சுட்டுத்தான் படுப்பேன்னு சொல்லு" என்று வாக்குறுதியும் வாங்கிக்கொண்டாள். அன்று இரவு நான் தூங்கியது அந்த வாக்குறுதியின் தைரியத்தில்தான்.

எங்கள் அறைக்கு வெந்நீர்ப் பை ஒன்று. துண்டில் சுற்றி, படுப்பதற்கு முன் மெத்தையைச் சூடாக்கிவிட்டு எடுத்துவிட்டோம். நாலு பேரும் நெருக்கிப் படுத்தோம். நடு ராத்திரி பையன் என்னை உதைத்து, "அப்பா, புழுங்குது" என்றான். ஊட்டியில், ஜனவரியில்!

விடியற்காலை ரூம் பாய்தான் வந்து எழுப்பினான். "அக்கா, தம்பி பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பனி இறங்கியிருக்கு." வெளியே புல்தரை முழுக்க வெள்ளை. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. புல்லின் மேல் படியும் ஈரம் அப்படியே உறைந்துவிடுகிறது. "யாருப்பா சர்க்கரை கொட்டினாங்க?" என்றாள் பெண். பையன் நக்கிப் பார்த்துவிட்டு, "இனிக்கல" என்று அறிக்கை கொடுத்தான். பிறகு எவர்சில்வர் டப்பாவில் அதைச் சுரண்டிச் சுரண்டி நிரப்பிக்கொண்டான், பாட்டிக்காக.

எட்டு மணி வெயிலுக்கு அது தண்ணீராகிவிட்டது. அவன் கவலைப்படவில்லை. மூடியை இறுக்கிச் சென்னை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அம்மா முதலில் இரண்டு பேரின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் டப்பாவைத் திறந்து, அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப ஜில்லுனு இருக்கேடா கண்ணா... கொஞ்சம் சுட வெச்சு வெக்கட்டுமா?"