நான்காம் கேள்வி

நன்னெறி பற்றி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்துவது நம் ஊர்களில் புதிதன்று. பள்ளிகள் நடத்துகின்றன, சேவைச் சங்கங்கள் நடத்துகின்றன, மீலாது விழாக்களையொட்டி ஜமாஅத்துகளும் நடத்துகின்றன. தலைப்பு வாய்மையாக இருக்கும், அல்லது ஒழுக்கமாக இருக்கும். வந்து குவியும் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே குறளில் தொடங்கி, ஒரே காந்தியடிகள் கதையில் நடந்து, ஒரே வாழ்த்தில் முடியும். இதற்காகப் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கேட்டதைத்தான் அவர்கள் தருகிறார்கள்.

கள்ளக்குறிச்சியில் சேவைச் சங்கம் ஒன்றின் சார்பில் அத்தகைய போட்டி ஒன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்றபின் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன் நான். "ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்குச் சங்கத்தில் என்ன வேலை?" என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான்.

அவருக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைவூட்டினேன். யமன் நாட்டின் ஸபீத் பகுதியிலிருந்து மக்காவுக்கு வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் விலையைத் தர மறுத்தான். அந்த வணிகர் அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று நீதி கேட்டுக் குரல் கொடுத்தார். அதன் விளைவாக, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்பதென்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடிச் சிலர் உறுதி பூண்டனர். நபித்துவத்துக்கு முன் இளைஞராயிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்தபின் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைத்தாலும் ஏற்பேன் என்று பின்னாளில் அவர்கள் சொன்னதை வரலாற்று நூல்கள் பதிந்து வைத்துள்ளன. அங்கே கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் கூடிய நோக்கம் நன்மையானது. பெரியவர் புன்னகைத்து, "அப்படியானால் போய் வாருங்கள்" என்றார்.

போட்டிக்கு எதைத் தலைப்பாக வைப்பது? உலகெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்கள் கைக்கொள்ளும் நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இவற்றுக்குச் சுவையான வரலாறு உண்டு. 1932ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் சிகாகோவில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றைப் பொறுப்பேற்றார். ஊழியர்கள் நினைவில் வைத்து நடக்கும்படி நான்கு கேள்விகளை ஒரு சிறு தாளில் எழுதினார். சொல்வதும் செய்வதும் உண்மையா? தொடர்புடைய எல்லாருக்கும் நியாயமா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லாருக்கும் பயன் தருமா? இவைதாம் அந்தக் கேள்விகளின் சாரம்.

பிறருக்குக் கொடுக்குமுன் ஏறத்தாழ இரண்டு மாதம் டெய்லர் தம்மையே அவற்றால் சோதித்துப் பார்த்தார். வெவ்வேறு சமயப் பிரிவுகளைச் சேர்ந்த தம் துறைத் தலைவர்கள் நால்வரிடமும், தங்கள் நம்பிக்கைக்கு முரணானது ஏதும் இதில் உண்டா என்று வினவினார். ஒருவரும் மறுக்கவில்லை. அதன்பின் அந்நிறுவன விளம்பரங்களிலிருந்து 'மிகச் சிறந்தது' போன்ற சொற்கள் நீக்கப்பட்டன. 1943இல் ரோட்டரி அமைப்பு இக்கேள்விகளை ஏற்றுக்கொண்டது.

நமக்கு இவை புதியவை அல்ல. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளப்பட்ட வேதம் நம்முடையது. தமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள் என்று பணிக்கும் வேதமும் அதுவே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே மறைத்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்த நபியின் உம்மத் நாம்.

ஆகவே, "நன்னெறி என்றால் என்ன?" என்று பிள்ளைகளிடம் கேட்கவில்லை. "நீ கண்ணால் கண்ட ஒரு செயலை இந்த நான்கு கேள்விகளால் எடை போடு" என்று கேட்டோம். வீட்டில் எழுதி வந்தால் அண்ணனும் கையேடும் எழுதிவிடுமாதலால், மையத்தில் அமர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் எழுதவேண்டும் என்று விதித்தோம். தாளில் பெயருக்குப் பதிலாக எண் மட்டுமே இருக்கும். மலைப் பிள்ளைகள் அலைய வேண்டாமென்று கள்ளக்குறிச்சியில் ஒன்றும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒன்றுமாக இரண்டு மையங்கள் வைத்தோம்.

கல்வராயன் மலையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் நிலம். 1976இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்த பின்னரே அங்கு ஜாகீர் ஒழிந்தது. சாலையும் பள்ளியும் அங்கே தாமதமாக வந்ததில் வியப்பில்லை.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உயிரைப் பறித்தது மெத்தனால் என்னும் ஆலை நஞ்சு. ஆயினும் சாராயம் என்றதும் பலருடைய விரல் மலையை நோக்கியே நீண்டது. அங்கே சிலர் காய்ச்சுவது உண்மை; அதற்காக ஓர் இனத்தையே பழிப்பது நியாயமன்று. இரண்டாம் கேள்வியிலேயே அந்தப் பேச்சு தோற்றுவிடும். அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் வாழ்வுநிலை குறித்து வழக்கெடுத்து விசாரித்தது.

போட்டித் தாள்களைத் திருத்த அமர்ந்தபோது, பிள்ளைகள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று வியந்தேன். மாவு விற்கும் தாய், கேட்டு வாங்குபவருக்கு ஓர் அளவும் கேளாதவருக்கு ஓர் அளவும் தருவதை மகளே எழுதியிருந்தாள். மலைத் தேனில் வெல்லப்பாகு கலந்து சுற்றுலா வருவோரிடம் விற்பதை எழுதிய ஒரு மாணவன், "எங்கள் கடுக்காயை வாங்குபவரின் தராசும் பொய் சொல்கிறது, ஒரு பொய் மற்றொரு பொய்யைக் கழித்துவிடுமா?" என்று கேட்டிருந்தான்.

இவை எல்லாவற்றையும் விஞ்சிய தாள் ஒன்று இருந்தது. அதை எழுதியவரின் ஊர், வகுப்பு, ஆணா பெண்ணா என எதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. உறவுமுறையையும் மாற்றியே எழுதுகிறேன். மாமா இரவில் சாராயக் கேன்களைச் சுமந்த கூலியில்தான் தன் சீருடையும் நோட்டுப் புத்தகங்களும் வந்தன என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் மாமா அதை விட்டுவிட்டாராம். இப்போது வீட்டில் வருமானமில்லை. கல்லூரிக்குச் செல்ல வழியில்லை. முதல் மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் 'இல்லை' என்று விடை எழுதிய பிள்ளை, 'எல்லாருக்கும் பயன் தருமா?' என்ற நான்காம் கேள்வியை மட்டும் எழுதி, கீழே வெற்றிடம் விட்டிருந்தது.

மதுவைக் குடிப்பவனோடு அதைப் பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் எல்லாரும் சாபத்துக்குரியோர் என்னும் நபிமொழியை எங்கள் மதரஸாப் பிள்ளைகள் மனப்பாடமாய்ச் சொல்வார்கள். அதைக் கேட்டிராத ஒரு மலைப் பிள்ளை தன் நோட்டுப் புத்தகம்வரை அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்திருக்கிறது!

முதற்பரிசு அந்தத் தாளுக்கே என்பதில் நடுவர்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. சிக்கல் அதன்பின் எழுந்தது. முதற்பரிசுக் கட்டுரையை மேடையில் வாசிப்பது சங்க வழக்கம். காவல்துறை அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். "உண்மையை வாசிப்பதில் தவறென்ன?" என்றார் ஒரு நடுவர். "இரண்டாம் பரிசாக்கிவிட்டால் வாசிக்கத் தேவையில்லை" என்றார் மற்றொருவர். மதிப்பெண்ணைக் குறைப்பது முதற்கேள்விக்குத் துரோகம். மேடையில் வாசிப்பது நான்காம் கேள்விக்குத் துரோகம். பிள்ளைகளுக்கு வைத்த தேர்வு எங்களுக்கே வந்துவிட்டது.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நம் நபியின் போதனை. நடந்துகொண்டிருக்கும் தீங்குக்குத் திரையிடுவது அதன் பொருளன்று. விட்டு விலகியவரை மீண்டும் தெருவில் நிறுத்தாதிருப்பதே பொருள். இதை நான் எடுத்துச் சொன்னேன். இரவு நெடுநேரம் பேசியபின் முடிவு பிறந்தது. முதற்பரிசு அந்தத் தாளுக்கே. இவ்வாண்டு எந்தக் கட்டுரையும் வாசிக்கப்படாது. விழா மலரிலும் வராது. தாள்கள் அனைத்தும் எழுதியவர் கைக்கே திரும்பும். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கிய தொகை, மலை மையத்தில் எழுதிய பிள்ளைகள் அனைவரின் படிப்புச் செலவுக்குச் செல்லும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் ஊர் ஏனென்று கேட்கும் அல்லவா?

அந்தத் தொகை பெரிதன்று. ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பை அது முடித்துவைக்காது. வெற்றிடத்தை நிரப்பிவிட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை; ஓர் எழுத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவே.

அன்புச் சகோதர சகோதரிகளே! ஹராமான சம்பாத்தியம் கூடாதென்று மிம்பரிலும் மேடையிலும் நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை ஒருவர் உதறிவிட்டு வரும்போது, அவர் வீட்டு அடுப்பு எதனால் எரியும் என்று கேட்பதும் நம் கடமையல்லவா? உங்கள் தெருவிலும் வட்டியை விட்டவர், கலப்படத்தை விட்டவர், குடியை விட்டவர் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பை உங்கள் ஜகாத்தும் ஸதக்காவும் எட்டட்டும். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் உங்கள் ஸதக்கா அவர்களுக்கும் உரியதே.

நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நம் செயலால் விடை எழுதும் நல்வாய்ப்பை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.