'கெளம்பிட்டாரு'ன்னு எழுதலாமா டீச்சர்?

ஜூலை 1, 2025, செவ்வாய்

படிவம் இரண்டு, தமிழ் வகுப்பு. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தேசியப் பள்ளியில் தமிழ் நடத்தக் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்று மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. அதனால் வகுப்பில் நுழைந்ததும் தலையை எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த மாதம் கட்டுரைக்குப் பதில் மின்னியல் கதை. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் தொடங்கிய பட்டறை முறை இது. சொந்த வாழ்க்கையில் ஒரு சம்பவம், சொந்தக் குரல், கையிலிருக்கும் சில படங்கள், இரண்டு மூன்று நிமிடம். இவ்வளவுதான்.

"டிக்டாக் மாதிரியா டீச்சர்?"

"அதே மாதிரிதான். ஆடக்கூடாது, அவ்வளவுதான்."

பள்ளிக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரக்கூடாது. ஆகவே குரல்பதிவு வீட்டில், மற்ற வேலையெல்லாம் கணினிக்கூடத்தில். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது, படமும் காணொலியும் செய்யும் கான்வாவும் அதன் வழியே கிடைக்கிறது. பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்திருந்தார்கள். முதல் பாடவேளை அதிலேயே போயிற்று.

ஜூலை 3, வியாழன்

கதைகளை வாங்கிப் படித்தேன். பதினெட்டும் ஒரே கதை. எல்லார் அப்பாவும் கடின உழைப்பாளி, எல்லார் அம்மாவும் தியாகச் சுடர். முன்வரிசைப் பையன் ஒருவன் இப்படித் தொடங்கியிருந்தான்: 'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பும் முன்னரே என் தந்தையார் பணிக்குப் புறப்படுவார்.'

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூரில் எங்கள் கூலாயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டிப் போய் வருகிறார். "நெசமா எப்படிடா போவாரு?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு கேட்டு சத்தம் லேசா கேக்கும் டீச்சர். மோட்டார வாசல்ல ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. நாங்க முழிச்சிக்குவோம்னு ரோடு முனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாரு. அங்க போயி ஸ்டார்ட் பண்ணிக் கெளம்பிட்டாருன்னா, சாயங்காலந்தான் பாப்போம்."

"இதை எழுது."

"'கெளம்பிட்டாரு'ன்னு எழுதலாமா டீச்சர்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. ஆரம்பப் பள்ளியிலிருந்து எத்தனை சிவப்பு மை அந்தச் சொல்லின்மேல் விழுந்திருக்கும். அதில் என் பேனாவும் உண்டு. எழுதலாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்தும் மனம் அதிலேயே நின்றது. இவர்கள் பேசுவதும் தமிழ், எழுதுவதும் தமிழ். ஆனால் எழுதும் தமிழில் இவர்களுடைய வீடு ஒன்றுகூட இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆளுக்கொருவராகக் கதை சொல்ல வைத்தேன். பட்டறை முறையில் இந்த வட்டம்தான் முக்கியம், கணினி பிறகுதான். கேட்பவர்கள் திருத்தக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம்.

கடைசி வரிசைப் பெண் தன் கொள்ளுத் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு படம், சிவப்பு அடையாள அட்டையில் இருப்பது. சிவப்பு என்றால் நிரந்தர வசிப்பிடம் உண்டு, குடியுரிமை இல்லை; குடிமக்களுக்கு நீலம். தோட்டத்திலேயே உழைத்து, அந்த அட்டையோடே போய்ச் சேர்ந்தவர். "பாட்டிக்கு மட்டும் நீல ஐசி. அவங்க அப்பாவுக்கு ஏன் செவப்பு?" என்று ஒருவன் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். அட்டையைப் படமெடுத்தால் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

சுருக்கும் நாள். கதை 250 சொல்லுக்குள் இருந்தால் நல்லது என்று ஆங்கிலக் கையேடுகளில் படித்திருந்தேன். அப்படியே பிள்ளைகளிடம் சொல்லியும்விட்டேன். படிக்கச் சொல்லிக் கடிகாரம் பார்த்தால் மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. என் தவறுதான். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக நிற்பது நம்மிடம் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது. தமிழுக்கு 150 என்று மாற்றினேன். முதலில் வெட்டுப்பட்டது கதிரவனின் பொற்கதிர்கள்.

ஜூலை 15, செவ்வாய்

குரல்பதிவுகள் புலனத்தில் வந்து சேர்ந்தன. போர்வைக்குள் ஒருத்தி, துணி அலமாரிக்குள் ஒருவன். போர்வை எதிரொலியை விழுங்கிவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் பக்கத்துச் செனாய் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்துக்குப் போர்வை போதாது. மூன்று பதிவுகளில் விமானம் பேசுகிறது.

மோட்டார் பையனுக்கு வேறு சிக்கல். கதையில் ஓசை வேண்டும். அவன் கதையோ ஓசை எழாமல் போகும் அப்பாவைப் பற்றியது. இணையத்தில் எடுத்த வயலின் ஒன்றைப் போட்டு வந்தான். எடுக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. இன்று வேறு பதிவு அனுப்பியிருக்கிறான். விடியற்காலை நாலு மணிக்குச் சன்னலோரம் உட்கார்ந்து, அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தது. கேட் கிறீச்சிடுகிறது, சரளைக்கல்லில் சக்கரம் உருள்கிறது, ஒரு நாய். பிறகு சன்னலுக்கு வெளியே அடங்கிய குரலில், "ஏன்டா முழிச்சிருக்கே? போய்ப் படு." இரண்டு தடவை கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

எழுத்துரு வில்லங்கம். எழுத்து ஒவ்வொன்றாகத் துள்ளி வரும் அசைவு பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் அதைப் போட்டால் 'கொ'வின் கொம்பு தனியே, கால் தனியே குதிக்கிறது. சொல் முழுதாக வரும் அசைவுக்கு மாறினோம்.

இதைச் சாக்காக வைத்து முத்து நெடுமாறனைப் பற்றிச் சொன்னேன். கணினியில் தமிழ் எழுத 1985இல் முரசு அஞ்சல், கைப்பேசியில் எழுத 2005இல் செல்லினம். "நம்ம மலேசியாக்காரரா?" என்று நம்பாமல் கேட்டார்கள். ஆமாம், நம்ம ஆள்தான்.

படத்தின் அடியில் ஓடும் வரிகளை மட்டும் எழுத்துத் தமிழில் போடலாமென்று எனக்கொரு யோசனை. போட்டுப் பார்த்தோம். காதில் 'கெளம்பிட்டாரு', கண்ணில் 'புறப்பட்டுவிட்டார்'. கூடமே சிரித்தது. யோசனை அங்கேயே செத்தது.

ஜூலை 22, செவ்வாய்

திரையிட்டோம். பதினெட்டில் பதினைந்து முடிந்திருந்தன. நாலைந்து சுமார். இரண்டில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை.

கடைசி வரிசைப் பெண் கதையையே மாற்றிவிட்டாள். சிவப்பு அட்டையைப் பற்றிக் கேட்கப்போனவளிடம் பாட்டி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, ரப்பர் பால் வெட்டிய நாட்களைத்தான் பேசியிருக்கிறார். இவள் 'கத்தி' என்று எழுதியதைப் பார்த்து, "கத்தியால மரம் வெட்டுவாங்க, பால் வெட்டறது உளியாலடி" என்று திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம்தான் இப்போது காணொலியின் முதல் வரி. உளி, பால் பிடிக்கும் மங்கு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு எல்லாம் பாட்டியின் குரலிலேயே. படம் ஒன்றே ஒன்று, உளி பிடித்த கை. முகத்தைக் காட்டக்கூடாது, இணையத்தில் போடக்கூடாது என்பது பாட்டியின் நிபந்தனை.

"இணையத்துல போட்டா எங்க போய் இருக்கும் டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். தரவு மையம் என்றேன். அதற்கு இவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. கூலாய் யங் தோட்டத்து நிலத்தை ஒய்.டி.எல். நிறுவனம் 2021இல் வாங்க ஒப்பந்தம் போட்டது. செம்பனை நின்ற அந்த மண்ணில்தான் இப்போது தரவு மையப் பூங்கா. பதிலைக் கேட்டவன் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான், ஏதோ அங்கேயே தெரியும்போல.

மோட்டார் பையனுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தேன். அரசாங்கத் தேர்வில் அந்த மொழிக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கான எழுத்துத் தமிழை அடுத்த வாரத்திலிருந்து மறுபடி நடத்துவேன்.

பாட்டியின் காணொலி என் கைப்பையில் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை போகிறேன்.