சமையற்கூடம் வேறு துறை

அரசுப் பள்ளி ஒன்றுக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விதமான ஆலோசனைகள் வந்து சேரும். "மொத நாளே டைட் பண்ணிடுங்க மேடம், அப்புறம் பிடிக்க முடியாது" என்பது ஒன்று. "எதையும் கண்டுக்காதீங்க, அது பாட்டுக்கு ஓடும்" என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் அனுபவசாலிகள்தான். வட மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குக் கலந்தாய்வில் இடம் எடுத்து வந்தபோது நான் இரண்டையும் ஒத்திவைத்தேன். காலாண்டுத் தேர்வு வரைக்கும் புதிதாக எந்த விதியும் போடுவதில்லை, இருப்பதைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று வைத்துக்கொண்டேன்.

வகுப்பறை ஜன்னலோரம் போய் நின்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. தலைமை ஆசிரியர் வராந்தாவில் வருகிறார் என்றால் அடுத்த மூன்று வகுப்புகளில் குரல் உயரும். கரும்பலகையில் அன்றைய தேதி ஏறும். யாருக்காகவும் மாற்றி வைக்க முடியாத விஷயங்கள் சில உண்டு. இடைவேளையில் யார் எங்கே உட்காருகிறார்கள், டீ வந்தால் எத்தனை டம்ளர் எண்ணப்படுகிறது, ஒருவர் விடுப்பு எடுத்தால் அவருடைய வகுப்பு யார் தலையில் விழுகிறது. ஒரு பள்ளியின் குணம் இவற்றில்தான் படிந்து கிடக்கிறது.

எங்கள் பள்ளியில் 'ஆசிரியர் அறை' என்று பலகை மாட்டியது ஒன்றுதான். நடைமுறையில் மூன்று. முதுகலை ஆசிரியர்கள் இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பார்கள். பலகை மாட்டிய அறை பட்டதாரி ஆசிரியர்களுக்கு. பகுதிநேர ஆசிரியர்கள் இருவர், ஓவியத்துக்கு ஒருவர், உடற்கல்விக்கு ஒருவர், மாடிப்படிக்குக் கீழே பந்தும் வலையும் போட்டுவைக்கும் அறையில் இருப்பார்கள். அங்கே போய் உட்காருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. இங்கே வந்து உட்காருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை.

டீக்குக் காசு வசூலிக்கும் ஆசிரியரிடம் ஒருநாள் கேட்டேன், அவர்கள் இருவரும் கணக்கில் உண்டா என்று. "அவங்க எந்த நாள் வருவாங்கன்னு நமக்குத் தெரியாதே மேடம், அதான் சேக்கறதில்ல" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பதில். 2012-இல் மாதம் 5000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று அந்தப் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதும் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வந்தது. அரசாணை ஒருவரை அரை நாள் மனிதராக வரையறுத்தால், டீ டம்ளர் வரைக்கும் அந்த வரையறை வந்து சேர்ந்துவிடுகிறது.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டையும் தன் குழியில் பத்திரமாக இருக்கும். பக்கத்து முட்டையைத் தொடாது. ஆசிரியர்கள் தத்தம் வகுப்பறைகளில் தனித்திருப்பதைத்தான் அவர் சொன்னார். நம் ஊரில் இந்த அட்டையில் குழிகள் இன்னும் அதிகம். வகுப்பறைச் சுவர் ஒரு தடுப்பு என்றால் பதவிப் பெயர், சம்பள விகிதம், எந்தத் துறையின் ஊழியர் என்பதெல்லாம் மேற்கொண்டு தடுப்புகள்.

அடுத்துப் பார்த்தது சப்ஸ்டிடியூஷன் நோட்டு. விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்கு வேறு யாரை அனுப்புவது என்று தினமும் காலையில் எழுதும் நோட்டு அது. ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. மூவரும் பணிக்குப் புதியவர்கள், மறுத்துப் பேசாதவர்கள். எழுதுகிற உதவித் தலைமை ஆசிரியருக்கே அது தெரிந்திருக்கவில்லை. யாரிடம் கொடுத்தால் முகம் சுளிக்க மாட்டார்களோ அவர்களிடம் கை தானாகப் போயிருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த கூட்டத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை என்று ஒரு தாளில் எண்ணி எழுதி மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வேதியியல் ஆசிரியர், "ரொட்டேஷன் போட்டுக்கலாம், எங்க பேரையும் சேருங்க" என்றார். அந்த வாரத்திலிருந்து நோட்டை மாதம் ஒருவர் எழுதுகிறார்.

ஆனால் நம்பிக்கை என்று நாம் சொல்வது கூட்டத்தில் வருவதில்லை. அரசுப் பள்ளியில் அது வருகிற வழி வேறு. ஆசிரியருடைய வாழ்க்கையில் தலைமை ஆசிரியர் உண்மையில் கைவைக்கிற இடம் அவருடைய பணிப்பதிவேடு. எல்லோருக்கும் அது 'எஸ்.ஆர்.' ஆண்டு ஊதிய உயர்வு சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு முதல் தேதிகளில் ஏதோ ஒன்றில் வரும். அது உரிய நாளில் பதிவாக வேண்டும். முடித்த பட்டப்படிப்பு பதிவாக வேண்டும். எடுத்த விடுப்பு கழிய வேண்டும். இவற்றில் ஒரு வரி விட்டுப்போனால் ஓய்வு பெறும் வருடத்தில் அந்த மனிதர் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாவட்ட அலுவலகப் படிகளில் அலைவார். எத்தனை கண்ணியமான தலைமை ஆசிரியராக இருந்தாலும், 'என் பேப்பர் இவங்க மேசையில தூங்குது' என்று ஒருவர் நினைத்துவிட்டால் அந்த உறவு அங்கேயே முடிந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், வாரத்துக்கு இரண்டு பேர் என்று, உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தோம். விடுபட்ட பதிவுகளை இளநிலை உதவியாளர் குறித்துக்கொள்வார். அலுவலக வேலையாகத்தான் தொடங்கினேன். நடந்தது வேறு. பணிப்பதிவேடு ஒருவருடைய வாழ்க்கையின் சுருக்கெழுத்து. முதல் பணி எந்த மலைக்கிராமத்தில், இரண்டு பேறுகால விடுப்புகளுக்கு நடுவே எத்தனை மாறுதல்கள், எந்த வருடம் சம்பளமில்லா விடுப்பு, எல்லாம் அதில் இருக்கும். ஈட்டிய விடுப்பு என்று எழுதியிருந்த ஒரு வரிமேல் விரல் வைத்துத் தமிழாசிரியை, "இது எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்த நாற்பது நாள் மேடம்" என்றார். ஏழு வருடமாக ஒரே அறையில் இருப்பவர்களுக்கே தெரியாத செய்தி. நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் காத்திருந்தேன்.

சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளைப் பல வருடங்கள் ஆராய்ந்து அந்தோணி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பள்ளியில் நம்பிக்கை என்பது நான்கு விஷயங்களை வைத்து எடைபோடப்படுகிறது என்கிறார்கள்: மரியாதை, வேலைத் திறமை, சக மனிதர்மேல் அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது. எங்கள் பள்ளியில் இந்த நான்கும் ஒரே மேசையில், ஒரு பழைய பதிவேட்டின்மேல் நடந்தன.

கடைசியாகச் சமையற்கூடம். 1982 சூலை 1-ஆம் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து பள்ளி வளாகத்துக்குள்ளேயே இன்னொரு துறை இருக்கிறது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவரும் பள்ளிக் கல்வித் துறை ஊழியர்கள் அல்லர். சமூகநலத் துறையின் திட்டம். ஒன்றிய அலுவலகம் வழியாக நிர்வாகம். அவர்களுக்கு எங்கள் வருகைப் பதிவேட்டில் இடமில்லை, ஆசிரியர் கூட்டத்திலும் இடமில்லை. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வழக்கப்படி ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் குழம்பும் மூடி என் அறைக்கு வரும். நான் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே போனேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. தினமும் பத்து நிமிடம். முதல் மாதம் அந்த அம்மா உப்பு, காரம் தவிர வேறு பேசவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம் ஒருநாள், கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பெரிய டீச்சர், பத்தாவது படிக்கிற ஒரு பாப்பா நாலு நாளா வர்ல இல்ல? ஒடம்பு சரியில்லன்னு லீவு லெட்டரு குடுத்திருப்பாங்க. அதுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. தை பொறந்ததும் தேதி வச்சிருக்காங்க. என் பேரு வரக் கூடாது டீச்சர். அதே தெருவுல நான் இருக்கணும்."

வருகைச் செயலியில் நான்கு நாளும் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று சரியாகவே பதிவாகியிருந்தது. காரணம் தெரிந்தது அடுப்படிக்குத்தான்.

வகுப்பாசிரியையைக் கூப்பிட்டு, நான்கு நாள் வராத பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அவருடைய பத்தாம் வகுப்புப் பாடவேளைக்கு நான் ஆள் தேடுவதற்குள் ஆய்வகத்திலிருந்து இயற்பியல் ஆசிரியர் எழுந்து போய்விட்டார். அந்தத் தெரு ஓவிய ஆசிரியருக்குத் தெரியும். அவர் தன் வண்டியில் முன்னால் போனார். வீட்டில் சொல்லிப் பார்த்தோம். பயனில்லை என்று தெரிந்ததும் 1098-க்குச் சொன்னோம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பொறுப்பு இங்கே மாவட்டச் சமூகநல அலுவலருக்கு. அவர்கள் வந்தார்கள், எழுதி வாங்கினார்கள். கல்யாணம் நின்றது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். "யாரு சொன்னது? அத மட்டும் சொல்லுங்க." வருகைப் பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "நாலு நாள் வரலைன்னா நாங்க வருவோம். யார் வீட்டுக்கும் வருவோம்." அவர் நம்பவில்லை. ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள், உரிமையோடு கேட்டார்கள். அவர்களிடமும் அதே பதில். உறவு வளர்ப்பது என்றால் மனம்விட்டுப் பேசுவது என்று பயிற்சி முகாம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மாதம் எனக்கு அது வாயை மூடிக்கொண்டிருப்பதாக இருந்தது. அந்த அம்மாவின் பெயர் வெளியே வந்திருந்தால் அவர் அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்க முடியாது. அதற்கப்புறம் எந்தச் சமையற்கூடத்திலிருந்தும் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் ஒரு சொல்லும் வராது. இதை எழுதும்போதும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் பொதுத்தேர்வு எழுதினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் அப்பா என்னைச் சாலையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது இருக்கட்டும்.

தலைமை ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். நானும் ஒரு கலந்தாய்வில் போய்விடுவேன். என் ஊக்கத்தில் நடந்தது எது, பள்ளியின் பழக்கமாகிவிட்டது எது என்பது அன்றைக்குத்தான் தெரியும். சப்ஸ்டிடியூஷன் நோட்டு கை மாறிக்கொண்டிருக்கிறதா, டீ எண்ணும்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு எட்டு போய்ப் பார்க்கிறார்களா, அந்த முக்காலியில் வேறு யாராவது உட்காருகிறார்களா. இந்த மூன்றை மட்டும் பிறகு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.