அந்த அரிசி யாருடைய ஹக்?



2024 இல் குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களுக்கு அரசாங்கம் 10 கிலோ அரிசி கொடுத்தது நினைவிருக்கும். எங்கள் ஊர் வரிசையில் வசதியுள்ளவர்களையும் கண்டோம். காலைச் சாப்பாடில்லாமல் எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் உம்மாவை மட்டும் காணவில்லை. கேட்க வெட்கப்பட்டு அவர் பெயரே பதிந்திருக்கவில்லை.

"அரசாங்கம் தருவதுதானே, எடுத்தால் என்ன?" என்கிறோம். பொதுச் சொத்து அமானிதம். ஏழைக்கென்று நிபந்தனையோடு தரப்படுவதை, இருப்பவர் பொய்த் தகவல் கொடுத்து எடுத்தால் அது ஹலாலாகாது. இல்லாதவரின் ஹக்கைப் பறித்ததாகும். உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலின் மாவைத் தன் முதுகிலேயே சுமந்து, பசித்த பிள்ளைகளைத் தேடிப் போன வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். கேட்காமல் மானத்தோடு இருக்கும் ஏழைகளைப் பற்றி சூரா அல்பகராவின் 273 ஆம் வசனம் பேசுகிறது. அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே நினைப்பாராம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அஸ்வெசும வந்துவிட்டதென்று எங்கள் ஸகாத் கடமை நீங்கிவிடாது. அடுத்த பதிவு வரும்போது தகுதியில்லாதவர் ஒதுங்கிக்கொள்வோம். எழுதத் தெரிந்தவர்கள் அப்படியான வீடுகளுக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுப்போம். அந்த உம்மாவின் வீட்டிலிருந்து தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.